விலகாத கூட்டம் வேண்டும்

மாட்டுங்காவில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில், மெல்லிய கோடு போட்ட பச்சைப் புடவை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது முதன்முதலில் வந்தது. கோடுகள் இடப்பக்கமாக நகர ஆரம்பித்தன. யாரோ இழுக்கிறார்கள் என்று நினைத்துப் புடவையை இறுக்கிப் பிடித்தேன். புடவை நின்றது. கடை கிளம்பிவிட்டது.

எதிரே இருந்த அம்மாள், "இந்தப் பச்சை வேண்டாம், வேற காட்டுங்கோ" என்றது காதில் விழுந்தது. அடுத்த நொடி அவர் காலடியிலேயே வாந்தி எடுத்தேன்.

"பித்தம்" என்றார் முதலாளி. "கண்ணு பட்டிருக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "காலையில ஒண்ணும் திங்காம ஓடுனா இப்படித்தான்" என்றார் என் வீட்டுக்காரர். மனிதர்கள் சொல்வதையெல்லாம் மனதில் சேர்த்துவைப்பது என் பழக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றவள் நான். மிச்சத்தை அடுத்தவர் வாயிலிருந்துதான் படித்தேன். ஆனால் அந்த மூன்று நாட்கள் எவர் சொன்னதும் உதவவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி கிடந்தேன். கண்ணை மூடினாலும் சுழற்சி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தன் விரலைப் பார்க்கச் சொன்னார். என் கண்கள் நான் சொல்லாமலே துள்ளின. அதற்கு நிஸ்டாக்மஸ் (கருவிழி தன்னிச்சையாகத் துடிப்பது) என்று பெயர். ஸ்கேனில் மூளை நன்றாக இருந்தது. எனக்கு வந்திருப்பது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உள்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தி கொண்டுபோகும் நரம்பு அழற்சி அடைவது) என்றார். வலது காது. கேட்கும் திறனுக்குக் குறைவில்லை. அந்த நரம்பு முழுதாகத் தேறாமலும் போகலாம். மூளைக்கு வேறு வழி பழக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சுழற்சி நின்றது. அதன்பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. அசைகிற எதையும் பார்க்க முடியவில்லை. ஓடும் மின்விசிறி, கொடியில் ஆடும் துணி, எதிரே வரும் ஆட்கள் எல்லாம் என்னையும் சேர்த்து இழுத்தன.

நாங்கள் இருப்பது சீத்தா கேம்ப் என்னும் குடியிருப்பு. ஷேர் ஆட்டோவில் மான்குர்டு, அங்கிருந்து ஹார்பர் தடத்து மின்ரயில், குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி வண்டி மாறினால் சயான், அடுத்தது மாட்டுங்கா. பத்தொன்பது வருடம் போய்வந்த வழி. இப்போது மான்குர்டில் ரயில் உள்ளே வருவதைப் பார்த்ததுமே நடைமேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி நல்லவர்தான். தீபாவளி வியாபாரம் தொடங்கும்வரை என் இடத்தில் வேறு ஆள் வைக்கமாட்டேன் என்றார். அதற்குமேல் அவராலும் முடியாது. வீட்டுக்காரர் வேறு யோசனை வைத்திருந்தார்.

"வீட்டுல கெட. நீ ரயில்ல போவாட்டா உலகம் நின்னா போயிரும்?"

"நிக்க மாட்டேங்குதுன்னுதான ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

சிரித்தார். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா செம்பூரில் ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி தந்த பெண் ஸ்ருதி, பல காலமாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. என் இடுப்பில் ஒரு வாரைக் கட்டிக் கூரைக் கொக்கியில் மாட்டினாள். விழுந்தால் அது தாங்கும். பிறகு கண்ணை முழுவதும் மூடும் ஒரு பெட்டியைத் தலையில் மாட்டினாள். வி.ஆர். (கணினி உண்டாக்கும் இடத்துக்குள் நாமே நிற்பதுபோலக் காட்டும் கருவி) என்றாள்.

முதலில் ஒரு தோட்டம். பிறகு ஒரு கடை. ஐந்தாவது தடவை ரயில் நிலையம். நான் ஓர் அடி வைத்தால் நடைமேடை ஓர் அடி பின்னால் போகும். தலையைத் திருப்பினால் தண்டவாளம் தெரியும். நான் நின்றால் எல்லாமே காத்திருக்கும். ஆட்கள் எதிரே வந்தார்கள். கைக்கெட்டும் தூரம் வந்ததும் பதவிசாக ஒதுங்கினார்கள். யார் கையிலும் பை இல்லை.

பழக்கதோஷத்தில் ஒருத்தியிடம், "ஸரா ஸர்கோ" (கொஞ்சம் நகரு) என்றேன்.

ஸ்ருதி சிரித்தாள். "ஆன்ட்டி, அவாளுக்கெல்லாம் காது கேக்காது."

"எனக்கும் காதுலதாம்மா கோளாறு. ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

ஆறு வாரம் முடிந்தது. திரையில் என் பேருக்கு நேரே பச்சைக் கட்டம் வந்தது. "நீங்க பாஸ் ஆன்ட்டி!" என்று கைதட்டினாள். மறுநாளே கிளம்பினேன்.

குர்லா பாலத்தில் இரண்டு வண்டிக் கூட்டம் ஒன்றாக ஏறியது. நான் நடந்தேன். எதிரே வந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒதுங்குவார்கள் என்று காத்து நின்றேன். பத்தொன்பது வருடம் இந்தப் பாலத்தில் முட்டிமோதியவள், ஆறே வாரத்தில் அப்படிப் பழகிப்போயிருந்தேன்! ஒருத்தியின் டிபன் பை இடுப்பில் இடித்தது. பாலம் சரிந்தது. கம்பியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டி, ராஸ்தே மே மத் பைட்டோ" (வழியில் உட்காராதீர்கள்) என்று ஒரு குரல் கடந்து போனது. என் சேகரிப்பில் அதுவும் சேர்ந்தது.

வீட்டுக்காரர் வந்து, தான் ஓட்டும் ஆட்டோவிலேயே கூட்டிப்போனார். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "போதும்."

எது போதும்? என் கால் போதுமா, கடை போதுமா? கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னை மறுபடி செம்பூருக்குக் கூட்டிப்போனது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

"ஏம்மா ஸ்ருதி, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கவுக ரொம்ப மரியாதைக்காரவுக. எனக்கு விலகாத ஜனம் வேணும்."

"ப்ரோகிராமே அப்படித்தான் ஆன்ட்டி. பேஷன்ட் கிட்ட போனா எல்லாரும் ஒதுங்கிடுவா. நீங்க பயந்துடக் கூடாதேன்னு."

"பயந்துட்டேனே, குர்லாவுல."

அவள் அதை எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம், ப்ரோகிராமைச் செய்தவர்களிடம் கேட்டதாகச் சொன்னாள். ஒதுங்குவதை நிறுத்திவிட முடியுமாம். "ஆனா இடிக்க முடியாது ஆன்ட்டி. பெட்டி காட்டும், தொடாது."

"தொடுறதுக்கு நான் ஆள் கூட்டிட்டு வாரேன்."

டாக்டரம்மாவிடம் கேட்டோம். முதலில் மறுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், இடுப்பு வாரைக் கழற்றக்கூடாது, மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஜமீலா அக்கா. எங்கள் கேம்ப்தான், மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல். இன்னொருவர் கோவண்டியில் ஏறும் சுனந்தா தாய் (மராத்தியில் 'தாய்' என்றால் அக்கா), மராத்திக்காரர். மூவரும் ஒரே லேடீஸ் டப்பாவில் (ரயிலில் பெண்களுக்கான பெட்டி) வருடக்கணக்காகத் தொங்கியவர்கள். வேலைக்குப் போகும் அதே பைகளோடு வந்திருந்தார்கள்.

"ஒன்னைத் தள்ளுறதுக்கு ஆஸ்பத்திரியில சீட்டு எழுதித் தாறாகளா?" என்றார் ஜமீலா அக்கா. "இத்தனை வருசமா சும்மாதானடி தள்ளுனோம்!"

பெட்டியை மாட்டினேன். நீலச் சட்டைக்காரன் ஒருவன் எதிரே வந்தான். ஒதுங்கவில்லை. நேராக என் முகத்துக்குள்ளேயே வந்தான். அதே நேரம் தோளில் ஓர் இடி. விழுந்தேன். வாரில் தொங்கினேன்.

"யா அல்லா, கறிக்கடையில தொங்குற மாதிரில்ல இருக்கா!"

நான் தொங்கியபடியே சிரித்தேன். நோய் வந்தபிறகு நான் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான். நிமிர்ந்து, "இன்னொரு தடவை" என்றேன்.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அது நடந்தது. கண் முன்னால் கூட்டம் கலங்கியது. காது எதுவும் சொல்லவில்லை. ஆனால் இடது தோளில் ஜமீலா அக்காவின் தோள் இருந்தது. முதுகில் சுனந்தா தாயின் பை அழுந்தியது. அப்படியானால் இது இடது, இது பின்பக்கம், நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். நின்றேன்!

"கடி ஹை! செல்வி கடி ஹை!" (நிற்கிறாள்) என்று கத்தினார் சுனந்தா தாய்.

ஸ்ருதி பிறகு விளக்கினாள். சமநிலைக்கு மூன்று பக்கத்திலிருந்து செய்தி வரும்: உள்காது, கண், பிறகு தோலும் பாதமும் மூட்டுகளும். இந்த மூன்றாவதில் ஒன்று புரோப்ரியோசெப்ஷன் (கை கால் எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே உடம்பு அறிவது). விழுந்துவிடுவோம் என்றிருக்கும்போது சுவரில் ஒரு விரலை வைத்தாலே நிலைப்படும் என்றாள். எனக்கு அந்தச் சுவர் கூட்டத்துக்குள் இருந்தது. கூட்டத்திலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் அந்தச் சுவரையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

நான்கு சனிக்கிழமை வந்தார்கள் இருவரும்.

இதைப் படிக்கும் நீங்களும் என்னைப் போலக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் செய்ததை வீட்டில் தனியாகச் செய்துபார்க்காதீர்கள். வாரும் வைத்தியரும் இல்லாமல் இது வேண்டாம். ஆனால் திரை 'பாஸ்' என்றும் உங்கள் உடம்பு 'இல்லை' என்றும் சொன்னால், உடம்பு சொல்வதைச் சத்தமாகப் போய்ச் சொல்லுங்கள். உங்கள் குர்லா எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது கிளம்பினேன். வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "நானும் வாரேன்" என்றார்.

"லேடீஸ் டப்பாவுல ஒங்கள ஏத்த மாட்டாங்க."

மான்குர்டு நடைமேடைவரை வந்தார். வண்டி உள்ளே வந்தபோது என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவை நின்றன.

குர்லா பாலத்தில் யாரும் ஒதுங்கவில்லை. நானும் காத்திருக்கவில்லை. தோளைக் கொடுத்து நடந்தேன்.

என் வலது காது தேறவில்லை. முன்பெல்லாம் என் உடம்பு தலையிலிருந்து தொடங்குவதாக நினைத்திருந்தேன். இப்போது பாதத்திலிருந்து தொடங்குகிறது. அடுத்தவள் தோள் படும் இடம்வரை நீள்கிறது. தலையைச் சட்டென்று திருப்பினால் உலகம் அரை நொடி பின்தங்கி வருகிறது. முன்பு அந்த அரை நொடி எனக்குக் கிணறு. இப்போது, நிலையத்தில் வண்டி நிற்பதைப்போல, அதுவும் ஒரு நிறுத்தம்.

சயான் தாண்டியது. வாசல் பக்கம் நகரும் நேரம். எங்கள் டப்பாவில் இறங்குகிறவர்கள் முன்னால் நிற்பவரைக் கேட்டுக் கேட்டு வரிசை அமைப்பார்கள். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது.

"மாட்டுங்கா உதர்னா ஹை க்யா?" (இறங்கப் போகிறாயா?)

"ஹாங், உதர்னா ஹை."

தலையைத் திருப்பினேன். உலகம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. வரட்டும். எனக்கு முன்னால் நின்றவளின் தோளைத் தட்டி அதையே கேட்டேன்.