நாய்க்கு மணம் எட்டாத கதிரை

நாய்க் கண்காட்சிக்கு முதல்நாள் நான் மூன்று தரம் முழுகினேன். அழகுக்காக இல்லை. என்னுடைய மணம் போகவேண்டும் என்று அக்காவின் மகள் கட்டளை போட்டிருந்தாள்.

“சின்னம்மா, நீங்கள் வந்து பாக்கலாம். ஆனால் அது உங்களைக் காணவும் கூடாது, மணக்கவும் கூடாது. மணந்துதெண்டால் எல்லாம் முடிஞ்சுது.”

‘அது’ என்றால் அவளுடைய அல்சேஷன் நாய். பெயருக்கு நாய் அவளுடையது. ஒரு வருடம் வளர்த்தது நான். யாரோ ஒரு சிநேகிதி குட்டியைக் கொடுத்த கையோடு அவளுக்கு யாழ்ப்பாணத்தில் படிப்புக் கிடைத்துவிட்டது. அவளுடைய தகப்பன், எனக்கு அத்தான், கந்தோரில் மேசை வேலை பார்க்கிற மனிதர். காற்சட்டையில் ஒரு நாய்மயிர் ஒட்டினால் பொழுதுபடும்வரை தட்டிக்கொண்டிருப்பார். ஆகவே குட்டி தோட்டவெளிக் கிராமத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் கடற்கரை வாடியில் கருவாடு போட்டு விற்கிறவள். மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் பரப்பிவிட்டால் அதற்குப் பிறகு காகம் கலைப்பதுதான் வேலை. அந்த வேலையை ஒருவரும் காட்டிக்கொடுக்காமலே அந்தக் குட்டி எடுத்துக்கொண்டது. கருவாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். வானத்தைப் பார்க்கும். காகத்தின் நிழல் மணலில் விழுந்தால் எழும்பும். அந்த ஒரு வருடத்தில் ஒரு துண்டுக் கருவாட்டை அது வாயில் வைத்து நான் கண்டதில்லை. எனக்கு ஐஸ் கொண்டுவரும் அண்ணன் அதை நின்று பார்த்துவிட்டு, “சம்பளந்தான் குடுக்கிறேல்லை, ஈ.பி.எஃப். எண்டாலும் கட்டிவிடு, பிள்ளை” என்பார். மனிதர் வாயில் இப்படி வருகிறவற்றை நான் கருவாடு மாதிரியே எடுத்துப் பத்திரப்படுத்துகிறவள். ஊர் முழுக்க இதைச் சொல்லித் திரிந்தேன். அத்தானிடமும் சொன்னேன். அவர் பேப்பரில் மற்றப் பக்கத்தைப் புரட்டினார்.

படிப்பு முடிந்து அக்காவின் பிள்ளை திரும்பி வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே அதைப் பழக்கினாள். எப்படி நிற்பது, எப்படி ஓடுவது, ஆள் வந்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் எப்படிப் பொறுமையாக இருப்பது, எல்லாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் கோயில் வளவால் நடந்து வந்தேன். அங்கே பயிற்சியில் சிலை மாதிரி நின்ற நாய், என்னைக் கண்டதும் பிள்ளையை முழங்காலில் இழுத்துக்கொண்டு வந்து என்மேல் விழுந்தது. அவளுடைய இரண்டு முழங்காலிலும் தோல் போயிற்று. அதனால்தான் அந்தக் கட்டளை.

இதற்கு மேலே ஒரு பெரிய கட்டளை இருந்தது. அது அத்தானுடையது.

“ஒரு ஆளின்ரை சாப்பாடு சாப்பிடுது. ஒரு வேலையும் செய்யிறேல்லை. கண்காட்சியிலை ஒரு ரிப்பன் எடுக்கட்டும், வீட்டிலை நிக்கட்டும். எடுக்காட்டி, வவுனியாவிலையிருந்து மில்காரர் வாறார், அவர் ஏத்திக்கொண்டு போகட்டும். நான் வாக்குக் குடுத்திட்டன்.”

மில்காரர் என்றால் அரிசி ஆலை முதலாளி. இரவில் ஆலையைக் காக்க ஒரு நல்ல நாய் தேடிக்கொண்டிருந்தார். பிள்ளை இதைக் கேட்டு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றாவது முழுக்கின்போது மடு மாதாவிடம் நேரே பேசினேன். ஒரு ரிப்பன் போதும் தாயே, கலர் எதுவானாலும் பரவாயில்லை என்றேன்.

அன்று விடிய மன்னார் மைதானத்துக்குள் போனபோது கொழும்பே பாலம் கடந்து வந்துவிட்டதோ என்று இருந்தது. வான்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வானின் பின்கதவடியிலும் ஒரு நாய், அதற்கொரு காற்றாடி, அதற்கொரு குடை. ஒரு அம்மா தன் நாயின் காதுமயிரைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தா. அவவின் தலையை யாரும் வாரியதாகத் தெரியவில்லை. வாசலில் வழக்கம்போலக் கழுதைகள் நின்றன. வெளியூர் நாய்கள் வாழ்க்கையில் கழுதை கண்டிராதவைபோல, மூச்சுவிடாமல் குரைத்தன. கழுதைகள் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கு எந்தக் கதிரை என்பதுதான் கவலை. பங்குனி மாதம் எங்கள் பக்கத்தில் விடியக் காற்று ஒரு திசையில் இருக்கும். வெயில் ஏறினால் திரும்பிவிடும். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். காற்று நாயிடமிருந்து எனக்கு வரவேண்டும், என்னிடமிருந்து நாய்க்குப் போகக்கூடாது. அப்படி ஒரு பக்கம் பார்த்து, கயிறு கட்டிய வட்டத்துக்கு அப்பால், கடைசி வரிசையில் ஒரு பருமனான ஐயாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அலுமாரியில் கிடந்த சேலை. பூச்சி உருண்டை மணம் எனக்கே மூக்கில் ஏறியது.

அதே பக்கத்தில் முன்வரிசையில் அத்தான் இருந்தார். பக்கத்துக் கதிரையில் மில்காரருக்காகக் கைலேஞ்சி போட்டு வைத்திருந்தார்.

“என்ன மச்சாள், பின்னுக்கு ஒளிச்சிருக்கிறீர்? முன்னுக்கு வாருமன்.”

“இல்லை அத்தான், இஞ்சை நல்ல நிழல்.”

நிழல் ஒரு சாண்கூட இல்லை. அத்தான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

அல்சேஷன்கள் காலையிலேயே முடிந்துவிடும் என்று பிள்ளை சொல்லியிருந்தாள். காற்று மாறமுன் முடிந்துவிட்டால் எனக்கு அதுவே போதும். ஆனால் பிரதம விருந்தினர் வரவில்லை. வந்தபோது மாலை போட்டார்கள், விளக்கேற்றினார்கள், சின்னப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம் வைத்தார்கள். பிறகு அவர் பேச எழும்பினார். நாய் நன்றியுள்ள பிராணி என்று தொடங்கினார். அதற்கு மேலே அவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை; ஆனாலும் நிறுத்தவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. மேடைப் பந்தலின் கரையில் தொங்கிய சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் என் பக்கமாகத்தான் ஆடியது.

“அக்கா, உங்கடை நாய் எது?” பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

“எனக்கு நாயில்லை, தம்பி.”

“பிறகேன் உங்கடை நாய்தான் மேடையிலை பேசிற மாதிரிப் பதறுறியள்?”

சிரிப்பு வந்தது, விழுங்கினேன். அவர் விடவில்லை. “கழுதைக்கும் ஒரு போட்டி வைச்சிருந்தாங்களெண்டால் கப் முழுக்க மன்னாருக்குத்தான். நாங்கள் நாயோடை வந்து மாட்டுப்பட்டம்.”

அந்த நேரத்தில்தான் மில்காரர் வந்தார். அத்தான் எழும்பிக் கைகொடுத்தார், இருத்தினார், மோட்டார்சைக்கிளடிக்குப் போய் ஏதோ கையில் கொண்டு திரும்பினார். கண்டேன், ஆனால் கவனிக்கவில்லை. என் கண் சீலையில் இருந்தது. சீலை ஆடாமல் நின்றுவிட்டது.

கடலில் இருக்கிறவர்களுக்கு அந்த நிற்றல் தெரியும். காற்று திரும்பப்போகிறது.

ஒலிபெருக்கி அல்சேஷன் பெட்டைகளைக் கூப்பிட்டது. ஏழெட்டு நாய்கள் வட்டத்துக்குள் வந்தன. கையில் இலக்கம் கட்டியபடி எங்கள் பிள்ளையும் வந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. நாய் தலையை நிமிர்த்தி அவளோடு ஒட்டி நடந்தது. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் முன்னாலிருந்த ஐயா திரும்பிப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். நடுவர் அந்த வெயிலிலும் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டிருந்தார். முதல் நாயின் வாயைத் திறந்தார். அவசரம் இல்லாத மனிதர்.

சீலை ஒருதரம் துடித்தது. பிறகு மெல்ல மற்றப் பக்கம் திரும்பியது. என் பிடரியில் குளிர்ச்சியாகப் பட்டது.

எழும்பினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதிரைகளுக்குப் பின்னால், வான்களுக்கு இடையால், மைதானத்தைச் சுற்றி ஓடினேன். என்னைக் கண்டு ஒவ்வொரு நாயாகக் குரைத்தது. மற்றப் பக்கம் போய் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். எங்கள் நாய் இன்னும் அசையாமல் நின்றது. நடுவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார், முதுகைத் தடவினார், தலையை ஆட்டினார். நல்ல ஆட்டல். தப்பிவிட்டோம் தாயே என்றேன்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் முன்வரிசை தெரிந்தது. மில்காரரின் காலடியில் ஒரு சொப்பிங் பை. வாயைச் சிவப்பு நைலோன் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சை நான் எங்கே கண்டாலும் அறிவேன், என்னுடைய முடிச்சு. போன கிழமை அக்காவீட்டுக்குக் கொடுத்த கட்டாக் கருவாடு. எங்கள் ஊரிலிருந்து வெளியாள் ஒருவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டோம். அத்தானும் அனுப்பவில்லை. நான் என்னைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், என் வாடி முழுவதும் அந்தப் பைக்குள் வந்து காற்றின் மேற்பக்கத்தில் இருந்தது.

நாயின் மூக்கு மேலே எழும்பியது. பிள்ளை ஏதோ மெதுவாகச் சொன்னாள். வியர்த்த கையிலிருந்து வார் நழுவியது. நாய் வட்டத்தைக் குறுக்கே கடந்து, கயிற்றுக்குக் கீழால் பூந்து, நேரே மில்காரரிடம் போனது. அவர் இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கிவிட்டார்.

அது அவரைப் பார்க்கவே இல்லை. பையை ஒருதரம் மணந்தது. பிறகு பைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. தலையை நிமிர்த்தி, பந்தலுக்கு மேலேயிருந்த காகங்களைப் பார்த்தது.

சனம் சிரித்தது. நடுவரும் சிரித்தார், சிரித்தபடியே, வெளியே கொண்டுபோகும்படி கையைக் காட்டினார். ரிப்பன் போயிற்று.

நான் திரும்ப ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவளும் என்னோடு வாடியில் காகம் பார்த்தவள்தான். நாய் என்ன செய்கிறது என்று அவளுக்கும் தெரியும். மில்காரர் காலைக் கீழே விட்டிருந்தார்.

“தம்பி, குறை நினையாதேங்கோ” என்று அத்தானிடம் சொன்னார். “வடிவான நாய்தான். ஆனால் எனக்கு மில்லைக் காக்கவெல்லோ வேணும். ஒருத்தன் ஒரு கருவாட்டுப் பையோடை வந்தால் கதவையும் திறந்து விட்டிடும் போலை கிடக்கு.”

அத்தானின் முகம் சிவந்தது. “மச்சாள், உம்மட்டை வளரேக்கையும் இப்பிடித்தானோ?”

என் நாக்கு எழும்பிவிட்டது. என் வாழ்க்கையில் அந்த நாயைப்பற்றி ஆரும் கேட்டு நான் சும்மா இருந்ததில்லை. ஐயா, அது தின்ன வரவில்லை, காக்க வந்தது. ஒரு வருடம் ஒரு துண்டு தொடாதது. இதைவிட நல்ல காவல் உங்களுக்குக் கிடைக்காது. இவ்வளவும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொன்னால் நாயின் மானம் தப்பும், நாய் வவுனியா போகும். பிள்ளை என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐஸ் அண்ணனின் பேச்சை அத்தானிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்துவிட்டால்?

“ஓம் அத்தான்” என்று ஒரு சொல் மட்டும் சொன்னேன்.

அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நான் சொல்வதில் பாதி அவர் காதில் ஏறுவதில்லை என்பதற்காக அன்றுதான் முதன்முதலாக நன்றி சொன்னேன்.

மில்காரர் பையை எடுத்துக்கொண்டு விடைபெற்றார். பை நகர்ந்ததும் நாய் எழும்பி, பின்னாலே போக இழுத்தது. பிள்ளை அதைக் கட்டிப்பிடித்தாள். ஆள் வாசல் தாண்டும்வரை, எங்கே திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிறகுதான் குனிந்து என் கையை நாய்க்கு நீட்டினேன். அது மணந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. சந்தனச் சோப்பும் பூச்சி உருண்டையும். யாரோ ஒரு பொம்பிளை. கையை அப்படியே வைத்திருந்தேன். அது மறுபடி மூக்கைக் கொண்டுவந்து, விரல் விரலாகப் பார்த்து, சின்னவிரலின் நகக்கண்ணில் நின்றது. அவ்வளவு முழுகியும் அங்கே உப்புப் போகவில்லை. நாய் முழுப் பாரத்தோடும் என்மேல் விழுந்தது.

“சின்னம்மா” என்றாள் பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிண்டதுக்குத்தான் இண்டைக்கு ரிப்பன் குத்தவேணும்.”

முன்னால் நடந்துகொண்டிருந்த அத்தான் திரும்பினார். “அங்கை என்ன கதை? நாளைக்கு ஆர் இதுக்குச் சோறு போடுறது?”

“பகலிலை என்னட்டை விடுங்கோ, அத்தான்.”

“கருவாடு முழுக்கத் திண்டுபோடும்.”

“பரவாயில்லை” என்றேன். அதற்கு மேலே ஒன்றும் சொல்லாமல் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நடந்தேன்.