ஏறிப் பார்த்த கொத்தனார்

மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால் ரசமட்டம் என்று கூப்பிட்டால்தான் அந்தக் கொத்தனார் திரும்பிப் பார்ப்பான். அவன் எழுப்பிய சுவரில் மயிரிழைக் கோணல் இருக்காது. கை அப்படி. வாய் இருக்கிறதே, அதுதான் சும்மா கிடக்காது.

அவனுடைய அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் போய் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். முதலாளி அச்சகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார். வாசலில் நான்கு படி. ஏற முடிந்தால் வேலைக்கு வா என்று சொல்லிவிட்டார். நடக்க முடியாதவர்களுக்கும் உள்ளே வர வழி வைக்க வேண்டும் என்கிற சட்டத்தை அக்கா பிடித்தாள். அந்தச் சட்டத்தையோ கடைக்காரர்கள் எல்லாம் மூக்கால் அழுது அப்போதுதான் திருத்த வைத்திருந்தார்கள். எடுத்த எடுப்பில் வழக்குப் போட முடியாது. முதலில் முதலாளிக்கு அவகாசம் தர வேண்டும். அதற்குள் அவர் சாய்வுப் பாதை போட்டுவிட்டால் புகார் செல்லாது.

முதலாளி லேசுப்பட்டவரா? நேரே ரசமட்டத்தையே கூப்பிட்டார்.

“உங்க அக்காவுக்குத்தானே, நீயே போட்டுக் குடுப்பா. என் கார் நிக்கிற இடத்தை மட்டும் தொட்டுடாதே.”

மிச்சமிருந்த துண்டு இடத்தில் பாதை செங்குத்தாகத்தான் வந்தது. பூச்சு காய்ந்ததும் சிமென்ட் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தான். கால் வழுக்கவில்லை. அவனுக்கு ஏகத் திருப்தி. பாவி, ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் அக்கா தானே சக்கரத்தை உந்தி ஏறினாள். பாதி வழியில் நாற்காலி பின்பக்கமாகக் குடைசாய்ந்தது. வலது தோள்பட்டை எலும்பு நொறுங்கிப்போயிற்று.

அக்கா கொடுத்த புகாரின் விசாரணையில் முதலாளியின் வக்கீல் அவனைத் தேனொழுகக் கேட்டார்.

“நீங்க கட்டினதுல ஏதாவது குறை இருக்கா?”

“என் வேலையில குறையா? மூட்டையைத் தூக்கிக்கிட்டே ஏறினேன் சார்!”

ரோஷத்தில் வந்த வார்த்தை. வக்கீல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவகாசத்துக்குள் பாதை போட்டாயிற்று. கட்டியவன், அதுவும் கூடப் பிறந்த தம்பியே, குறையில்லை என்கிறான். புகார் தள்ளுபடி. அச்சகத்தில் அக்காவின் மேஜைக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று.

அன்று வீட்டில் அவளுக்குத் தம்பிதான் சாப்பாடு ஊட்டினான். அவனுக்கு அவமானமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அதை இடிச்சுட்டு நீளமாக் கட்டித் தர்றேன்க்கா. அந்த ஆளு கால்ல விழுந்தாவது கட்டிடுறேன்.”

அக்கா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

“யாரு போறதுக்குடா?”