டிரில் டீச்சரின் பாரம்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தாள் இன்பமணி. காலேஜ் நாளில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கப் வாங்கியவள், முப்பத்தொன்பது வயதில் பிள்ளைகளுக்குப் பத்தடி ஓடிக் காட்ட முடியாமல் நின்றாள். மார்பின் கனம் கழுத்தை இழுத்தது. பாடியின் பட்டை தோளை அறுத்துப் புண்ணாக்கியது. நாலு வருஷமாக டாக்டர்கள் தைலமும் மாத்திரையும்தான் எழுதினார்கள். உடம்பைக் குறைக்கச் சொன்னார் ஒருவர். குறைத்தாள்; முகம்தான் வற்றிப்போனது.

மார்பில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டு, தொண்ணூற்றாறு மே லீவில் கணவர் பாக்கியசீலனோடு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

அங்கே டாக்டர் அவளைச் சோதித்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்: “சாருக்கு இதுல சம்மதமா?”

“எனக்கு ஒரு குறையும் தெரியலையே, டாக்டர்.” பாக்கியசீலன் சிரித்தார். டாக்டரும் சிரித்தார்.

இன்பமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வலி எனக்குல்லா இருக்கு. என்னயக் கேளுங்க.”

டாக்டர் அதன்பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார். கொழுப்பை மட்டும் எடுத்தால் போதாது, வெட்டியும் எடுக்க வேண்டும், தழும்பு நிற்கும் என்றார்.

திரும்பும்போது கோவில்பட்டி தாண்டியதும் பாக்கியசீலன் பைய வாயைத் திறந்தார். “ஊருல என்ன சொல்லுவாங்க?”

“நாலு வருஷமா ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடந்தது ஊரா?”

தழும்பை நினைத்தால் அவளுக்கும் பயம்தான். அதை இந்த மனுஷனிடம் சொல்லி அழக்கூட வழியில்லையே என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். அந்த வருஷம் ஆபரேஷன் நடக்கவில்லை.