கழற்றிப் போட்ட ரெக்கை

இந்தத் தீபாவளிக்கு நான் திருநெல்வேலிக்குப் போகவில்லை. கியூவில் நின்று வாங்கிய பஸ் டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். காரணம்... ஒரு காரின் ரெக்கை. அதுவும் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற கார்!

ஓசூரில் எங்கள் ஃபேக்டரியில் பண்டிகையன்றும் செக்‌ஷனுக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். வழக்கமாக மாட்டுபவர் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் மஞ்சுளா. சூளகிரிக்காரர். தெற்கத்திக்காரர்களான நாங்கள் இரண்டு நாள் முன்பே மூட்டை கட்டிவிடுவோம். இந்த முறை அவர் மேனேஜர் எதிரிலேயே கேட்டுவிட்டார்.

“பக்கத்து ஊருதானேன்னு வருசா வருசம் என்னியவே நிக்க வெக்கிறீங்க. எங்கூட்லயும் தீபாவளி வருதுங்க சார்.”

நியாயம்தான். ஆனால் டிக்கெட் என் பையில் இருக்கிறதே? “நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க” என்று மேனேஜர் நழுவினார்.

லன்ச் நேரத்தில் டிரெயினிங் ரூம் கம்ப்யூட்டரில் நாங்கள் கார் ரேஸ் விளையாடுவதுண்டு. அதிலேயே தீர்த்துக்கொள்வோம் என்றேன். ஒரு வாரம் கழித்துப் போட்டி. மூன்று சுற்று – தோற்றவருக்குத் தீபாவளி டியூட்டி. செக்‌ஷனிலேயே வேகமான ஆள் நான், அவரோ இந்த விளையாட்டுக்கே புதுசு. அயோக்கியத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே கொஞ்சம் சுயபுராணம். பாகங்களை ஏற்றித் தள்ளிப் போகும் எங்கள் டிராலிகளின் பின்பக்கம் ஒரு குறுக்குப் பட்டை இருந்தது. ‘வெறும் வெயிட்’ என்று எழுதிக் கொடுத்து, கழற்ற வைத்து, சிறந்த யோசனைக்காக ஒரு ஃபிளாஸ்க் பரிசு வாங்கியவன் நான். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் ‘இதில் எதைக் கழற்றலாம்?’ என்றுதான் தோன்றும்.

ரேஸ் காருக்கு முன்னும் பின்னும் ரெக்கை. எவ்வளவு சாய்வு என்று நாமே வைக்கலாம். போட்டியன்று நான் பின் ரெக்கையைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன்.

“அது காரை ரோட்டோட அமுக்கிப் பிடிக்கும்ங்கறாங்களே சார்?”

“சும்மா அலங்காரம்லா அது. காத்தைத்தான் தடுக்கும்.”

மஞ்சுளா என் பூஜ்யத்தையும் குறித்துக்கொண்டார். கையில் ஒரு நோட்டு. பின் ரெக்கையை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் சுற்று நேரத்தை ஒரு வாரமாகக் குறித்து வைத்திருக்கிறார். இன்ஸ்பெக்‌ஷன் ஆளாயிற்றே!

ரேஸில் நேர்ரோட்டில் பறந்தேன். மெதுவான வளைவுகளிலும் பிரச்னை இல்லை. நீளமான, வேகமான வளைவு ஒன்றில்தான் பின்பக்கம் லேசாக வழுக்கியது. இரண்டு சுற்றும் பிரேக் பிடித்துச் சமாளித்தேன். மூன்றாவதில் மஞ்சுளா ஒட்டிக்கொண்டே வந்தார். பிரேக்கா, திருநெல்வேலியா? பிரேக்கைத் தொடவில்லை.

முன் ரெக்கை மூக்கைத் தரையோடு அழுத்தியது. பின்னால் அழுத்த எதுவுமில்லை. கார் சுழன்று, வந்த வழியையே பார்த்தபடி நின்றது.

“போயிட்டு வரேங்க சார்” என்று மஞ்சுளா தாண்டிப் போனார்.

வேகம் தராத எதையும் வெட்டி என்று நினைக்கிறோம். பிடித்து நிறுத்தும் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருத்தர் இங்கே நின்றதால்தானே இத்தனை வருடம் நாங்கள் ஊருக்குப் பறந்தோம்? வெட்கமாக இருந்தது.

தீபாவளியன்று ஆளில்லாத செக்‌ஷனில் நானே டிராலி தள்ளினேன். திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்த் தூணில் இடித்தது. பழைய இரும்புக் குவியலில் அந்தப் பட்டையைத் தேடி எடுத்து, நாலு போல்ட்டும் போட்டு முறுக்கினேன்.

ஃபிளாஸ்க்கை மட்டும் திருப்பித் தருவதாக இல்லை.