நடை முடிவில் ஒரு சுவர்

சிவாஜினி "பரவாயில்லை" என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. சிட்னியில், ஹோம்புஷில் எங்கள் இரண்டு ஃபிளாட்டுகளும் எதிரெதிரே. என் வீட்டில் ஒரு படம் சரிந்து தொங்கினால் அவளால் கதிரையில் இருக்க முடியாது. எழும்பிப் போய் நேராக்கிய பிறகுதான் தேத்தண்ணீரில் கை வைப்பாள். எனக்குச் சில நாள் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் படவரைஞராக இருந்து, கட்டப்போகும் வீடுகளுக்கு வரைபடம் கீறிய கை, சும்மா இருக்காது என்று விட்டுவிடுவேன்.

2009 கடைசியில் மகள் தாரகாவைக் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தாள். இங்கே அவளுடைய சான்றிதழ்களை ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் நான்தான் சேர்த்துவிட்டேன். இரண்டரை வருடம் பாத்திரம் கழுவினாள். 2012இல், பழைய கட்டடங்களை அளந்து அறிக்கை எழுதும் ஒரு சின்ன அலுவலகம் அவளைக் கூப்பிட்டது. மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதன் முதலாளி ஹெலன், அதிகம் பேசாத பெண். அந்த மூன்று மாதமும் சிவாஜினி நிலத்தில் நடக்கவில்லை.

கடைசி மாதத்தில், சிட்னியின் பழைய பகுதியான கிளீப்பில் ஒரு வீடு வந்தது. 1880களில் கட்டியது. இங்கிலாந்து நகரங்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதே அச்சில் இங்கே கொண்டுவந்து இறக்கிய வீடு. முகப்பு பதினைந்து அடி, உயரம் மூன்று மாடி. வாசலில் ஏறினால் ஒடுங்கிய நடை, பக்கத்தில் படிக்கட்டு, முன்னறை, பின்னறை, எல்லாவற்றுக்கும் பின்னால் குசினி. முதலில் ஒரு கப்பல் முகவரின் குடும்பம் இருந்ததாம். 1930களின் வேலையில்லாப் பஞ்ச காலத்தில் அறை அறையாக வாடகைக்குப் போயிற்று. பிறகு ஓர் இத்தாலியக் குடும்பம், பிறகு மாணவர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறம் பூசியிருந்தார்கள். இதையெல்லாம் தானே கட்டிய வீடு மாதிரி எனக்கு விளக்குவாள்.

வாங்கிய இளம் தம்பதிக்கு நடை முடிவில் நிற்கும் குறுக்குச் சுவர் பிடிக்கவில்லை. இடித்தால் வாசலிலிருந்து பின்வளவு வரைக்கும் வெளிச்சம் வரும். ஆனால் பழைய வீடுகளைக் காக்கும் சட்டப்படி, வீட்டோடு பிறந்த சுவரென்றால் நகரக் கவுன்சில் தொட விடாது. பிறகு கட்டியதென்றால் இடிக்கலாம். சிவாஜினி வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். சுவரில் கண் முட்டியது. "பிற்காலத்தில் அடைத்த சுவர்" என்று எழுதினாள். ஹெலன் அவளை நம்பிக் கையெழுத்து வைத்தாள். கவுன்சிலும் அனுமதி கொடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் சிவாஜினி என் கதவைத் தட்டினாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, நான் பெரிய பிழை விட்டிட்டன்."

அன்று கிளீப் வீட்டுப் படிக்கட்டை அளக்கப் போயிருக்கிறாள். மின்சாரக்காரர் அந்தச் சுவர் மூலையிலிருந்த பழைய மின்பெட்டியைக் கழற்றியிருந்தார். அந்த இடத்தில் சாந்து உதிர்ந்து செங்கல் தெரிந்தது. குறுக்குச் சுவரின் கல், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, பக்கச் சுவருக்குள் நுழைந்து கிடந்தது. பிறகு கட்டிய சுவர் சும்மா ஒட்டி நிற்கும், இப்படிக் கோத்து நிற்காது. இரண்டையும் ஒரே கொத்தன் ஒரே நாளில் கட்டியிருக்கிறான்.

"அப்ப ஏன் அப்பிடி எழுதினனீர்?"

"முன்வாசலும் பின்வாசலும் நேர இருக்கோணும் அக்கா. வீட்டுக்காரர் முதல் கேக்கிறதே அதுதானே. நான் வரைஞ்ச ஒரு வீட்டிலயும் அந்தப் பார்வை மறிச்சதில்லை. இதை மறிச்சிருக்கு எண்டால், ஆரோ பிறகு வந்து மறிச்சவை எண்டு நினைச்சிட்டன். ஒரு கல்லைக் கூடத் தட்டிப் பாக்கேல்லை."

கப்பல் முகவருக்கு அந்தச் சுவர் தேவைப்பட்டிருக்கிறது. வாசலில் வந்து நிற்பவரின் கண்ணில் குசினியும் வேலைக்காரியும் படக்கூடாது. எங்களுக்கு வாசல் வாசலைப் பார்க்க வேண்டும், அவர்களுக்குப் பார்க்கவே கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

வியாழக்கிழமை காலை சுவரை இடிக்க ஆட்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை தகுதிகாண் காலம் முடிகிறது.

"மின்சாரக்காரன் ஏதும் சொன்னவனோ?"

"இல்லை. அவருக்கு விளங்காது."

"அப்ப நீரும் வாயைப் பொத்திக்கொண்டிரும். நாளையிண்டைக்கு அந்தக் கல்லெல்லாம் குப்பையில. ஆருக்குத் தெரியப்போகுது? திரும்ப வந்து என்னோட சட்டி கழுவப் போறீரோ?"

அவள் தேத்தண்ணீரையும் குடிக்காமல் எழும்பிப் போனாள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் மனதறிந்துதான் சொன்னேன். அந்த வெள்ளைக்காரச் சுவரைவிட எனக்கு அவள் பெரிது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ஹெலனுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். ஏன் அப்படி நினைத்தாய் என்று ஹெலன் கேட்க, அவளுக்கு வாயில் இங்கிலீஷ் வரவில்லை. ஒரு தாளை இழுத்து எங்கள் ஊர் வீடொன்றைக் கீறி, முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு ஒரு நேர்கோடு போட்டாள். பக்கத்தில் கிளீப் வீட்டைக் கீறி அதே கோட்டைப் போட்டாள். கோடு சுவரில் நின்றது. ஹெலன் இரண்டையும் கனநேரம் பார்த்தாள். போய்ப் பார்க்காமல் கையெழுத்து வைத்தது தன் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

இடிப்பு நின்றது. தொலைபேசியில் வீட்டுக்காரர் கத்திய கத்தல் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற சிவாஜினிக்கும் கேட்டதாம். இனி உங்களிடம் ஒரு வேலையும் இல்லை என்று தொலைபேசியை வைத்துவிட்டார். ஹெலன் இரண்டு நாளும் சிவாஜினியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வாசலிலேயே காத்து நின்றேன். திங்கட்கிழமை குசினிக்கு ஆள் தேவையா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டும் வைத்திருந்தேன். சிவாஜினி வந்து ஒரு தாளை நீட்டினாள். கவுன்சிலுக்குப் போகும் திருத்த அறிக்கையின் பிரதி. முதல் அறிக்கையில் சுவரைப் பற்றிச் சொன்னது தவறு என்றும், "அந்தத் தவறு என்னுடையது" என்றும் இங்கிலீஷில் இருந்தது.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான் எழுதிக் குடுத்தனான். ஹெலன் ரைப் பண்ணினவ."

கீழே சிவாஜினியின் கையெழுத்து. அதற்குக் கீழே ஹெலன் அவளுடைய முழுப் பெயரையும் ரைப் பண்ணி, பெயருக்கு அடியில் இங்கிலீஷில் ஒரு சொல் போட்டிருந்தாள்: படவரைஞர்.

"திங்கக்கிழமை பால்மெய்னில ஒரு வீடு அளக்கோணுமாம்" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். வந்து மூன்று வருடத்தில் இந்த நாடு அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் அவள் தன் பிழையை ஒத்துக்கொண்ட தாளில்.