கரைக்காவலனைக் கட்டிய தேசப்பன்

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரில் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம் எனக்கு அந்த போன் வந்தது. பேசியவர் லிஃப்ட் கம்பெனியில் தேசப்பனோடு வேலை பார்த்தவர். திருச்சி, மதுரை என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்ததில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. "சார், தேசப்பன் போய்ட்டாரு சார். மத்தியானம் சைட்லயே நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். நான் "சரி" என்றேன். என்ன மடத்தனமான பதில்! நாற்பதுகூட ஆகாத நண்பன் செத்துப்போனதற்குச் சரி என்று சொல்லிவிட்டு, பெட்டி தூக்கி வந்த யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

உங்களில் பலருக்கு அவனைப் பார்த்த ஞாபகம் இருக்கும், பெயர் தெரிந்திருக்காது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் தாம்பரத்தில் மாணிக்கம் அண்ணனின் காம்ப்ளெக்ஸ் மாடியில் வீடியோ கேம் ஆடியவர்கள் எல்லோரும் 'கரைக்காவலன்' முன்னால் வரிசையில் நின்றவர்கள்தான். அது ஒரு இரும்புக் கூண்டு. ஏணியில் ஏறி உள்ளே உட்கார்ந்தால், பனைமர உயர ரோபோவின் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். காலடியில் உள்ள இரண்டு பெடல்களும் ரோபோவின் கால்கள். இரண்டு லிவர்களும் அதன் கைகள். கடலிலிருந்து ஏறிவரும் பூதங்களை ஊருக்குள் விடாமல் தடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மிஷின் என்றுதான் பலர் நினைத்தார்கள். கட்டியவன் தேசப்பன். குரோம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த என்னை இழுத்துவந்து திரையில் ஓடும் கேம் படங்களை வரைய வைத்தவனும் அவன்தான்.

சரியான பிடிவாதக்காரன். ஏறி உட்கார்ந்தவர்கள் நாலடி வைப்பதற்குள் ரோபோ குப்புற விழும். கூடவே சீட்டும் தடாலென்று முன்னால் சாயும். மாணிக்கம் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் குடும்பம் பரம்பரையாகத் தாம்பரத்தில் பயிர் வைத்தது. அந்த நிலத்தில்தான் காம்ப்ளெக்ஸ் நின்றது. "ஏம்ப்பா, ஒரு பட்டனைத் தட்டினா தானா நடக்கற மாதிரி பண்ணேன். ஜனங்க சண்டை போடத்தானே வர்றாங்க" என்றார். தேசப்பன் அசையவில்லை. "சண்டை போடறது ஈஸிண்ணே. நடக்கறதுதான் கஷ்டம். விழுந்தா உள்ள இருக்கறவனும் சேர்ந்து விழணும். இல்லன்னா அது பொம்மை" என்றான். ஆச்சரியம் என்னவென்றால், விழுந்தவர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அவன் பிறந்தது கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில். சின்ன வயதிலேயே பெற்றோர் போய்விட்டதால், அண்ணன் கன்னியப்பன் கடலுக்குப் போய் இவனை டிப்ளமோ வரை படிக்க வைத்தார். அண்ணி அஞ்சலை மீன் விற்பவர். கூடையோடு பஸ் ஏறி, வழியெல்லாம் கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருவார். விற்று முடிந்ததும் மாடிக்கு வந்து கொழுந்தனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் எங்கள் திரையில் ஓடிய அலையைப் பார்த்துவிட்டு, "தெனம் இதுங்கூட மல்லு கட்டிகினு கீறோம். கடலு ஒரு நாளு லீவு போட்டா எப்டி இருக்கும்? எறங்கிப் போயி மீன கைலயே அள்ளிகினு வந்துருலாம்" என்று சிரித்தார். தேசப்பன் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. "மச்சான், இதை வரை" என்றான்.

கேமில் மக்களுக்கு மிகவும் பிடித்துப்போனது அந்தக் கட்டம்தான். ஒரு பூதம் ஒழிந்ததும் கடல் பின்வாங்கும். ஈரத்தரை தெரியும். அதில் மீன்கள் துள்ளும். ரோபோவை நடத்திக்கொண்டு இறங்கி அள்ள வேண்டும். எவ்வளவு உள்ளே போகிறீர்களோ அவ்வளவு பெரிய மீன், அவ்வளவு பாயிண்ட். தண்ணீர் திரும்புவதற்குள் கரையேறிவிட வேண்டும். அதை முதலில் ஆடியது அஞ்சலை அண்ணிதான். கூடையை வாசலில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் ஏறினார். விழுந்தார், எழுந்தார், பெடலைத் திட்டினார். கடைசியில் கையளவு மீனை அள்ளிவிட்டு அவர் போட்ட கூச்சலில் கீழே இருந்த ஜவுளிக்கடைக்காரரே மேலே ஏறி வந்துவிட்டார். இறங்கும்போது, "ஒங்க அண்ணனாண்ட சொல்லாத. வியாபாரத்த வுட்டுட்டு வெளாடிகினு இருக்கியான்னு கேப்பாரு" என்று தேசப்பனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு புரொடியூசர் வந்தார். வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், கூண்டைச் சுற்றி வந்தார், படமாக எடுக்கலாம் என்றார். கரைக்காவலன் சினிமாவாகப் போகிறது! தேசப்பன் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான், நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். வண்டலூருக்கு அப்பால் ஒரு கொட்டகையில் ஷூட்டிங் நடந்தது. ஃபைபரில் ரோபோ உடை செய்து ஒரு ஸ்டன்ட்காரருக்கு மாட்டினார்கள். அவருக்கு உள்ளே மூச்சு முட்டியது. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. தலைமுடி கலையும் என்று கதாநாயகன் அதைத் தொடவே மறுத்துவிட்டார். தேசப்பன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "நம்ம காவலனுக்கு வாதம் வந்துடுச்சு மச்சான்" என்றான். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலையில் கூட்டம் வரும் என்று அவன் சீக்கிரமே வந்து பெடலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கேமைப் பற்றிக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். உண்மை என்று தெரிந்ததும் நாங்கள் இருவரும் பைக்கில் போனோம். குப்பத்தை அடைந்தபோது சாலையில் படகு கிடந்தது. கன்னியப்பன் உயிரோடு இருந்தார். அஞ்சலை அண்ணியைச் சவுக்குத் தோப்பு வேலியில் கண்டெடுத்தோம். முதல் அலை வந்து போனபின் கடல் வெகுதூரம் உள்வாங்கியதாகவும், தரையில் துள்ளிய மீனைப் பொறுக்க இறங்கியவர்களில் பலர் திரும்பவில்லை என்றும், அண்ணியும் அவர்களோடு இருந்தார் என்றும் பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டே சொன்னார். நான் தேசப்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தை இங்கே எழுத என்னால் முடியாது.

பதினாறாம் நாள் காரியத்தில் கன்னியப்பன் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. அருகில் போய் நின்றபோது எழுந்து வேறு பக்கம் போய்விட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். திரும்பி வரும் வழியில் தேசப்பன் சொன்னான்: "அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு மச்சான். அண்ணிய அந்தக் கூண்டுல உட்கார வெச்சு, எறங்குங்க, இன்னும் உள்ள போங்கன்னு பழக்கினது நான்தான்." நான் பைக்கை நிறுத்திவிட்டுக் கத்தினேன். பைத்தியமா உனக்கு, ஒரு தடவை ஆடிய கேமா ஆளைக் கொல்லும் என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்த ஊருக்குப் போகவே இல்லை.

மறுவாரமே மீன் கட்டத்தைக் கேமிலிருந்து எடுத்துவிட்டான். ஆனால் புரொடியூசரிடம் அவன் பாச்சா பலிக்கவில்லை. வண்டலூர்க் கொட்டகையில் நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம், "படத்தை என்ன வேணா பண்ணிக்கோங்க. கடல் உள்ள போற சீனை மட்டும் எடுத்துடுங்க சார். இல்லன்னா என் பேரையாவது எடுத்துடுங்க" என்று கும்பிட்டான். அவர், "என்ன தம்பி பேசறீங்க? இப்ப அதுதானே படமே! ஜனங்க டிவியில பார்த்ததை தியேட்டர்ல பெருசா பார்க்க வருவாங்க" என்றார். அந்த ஆளை ஒரு அறை விட்டிருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

படம் வெளியான அன்று குரோம்பேட்டையில் பகல் காட்சிக்குப் போனோம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். 'கதைக்கரு: தேசப்பன்' என்று திரை முழுக்கப் போட்டார்கள். ரோபோ தள்ளாடி வந்தபோது விசில், கேலி. கடல் பின்வாங்கி மீன்கள் துள்ள ஆரம்பித்ததும் அரங்கம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண், "போவாதீங்க, போவாதீங்க" என்று திரையைப் பார்த்துக் கதறினார். கூட வந்தவர்கள் அவரைத் தாங்கி வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே பாதி அரங்கம் எழுந்தது. யாரோ செருப்பைத் திரைமேல் எறிந்தார்கள். படம் ஞாயிறு வரைகூட ஓடவில்லை. தேசப்பன் விளக்கு போடும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் பேரைப் பார்த்திருப்பாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

அதோடு மிஷினும் படுத்தது. மீன் இல்லாத கரைக்காவலனை யாரும் சீந்தவில்லை. கடல் பூதம் என்றாலே பெற்றவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மாணிக்கம் அண்ணன் நல்ல மனுஷன், கொஞ்ச காலம் பொறுத்தார். பிறகு கார் ரேஸ் மிஷின்களை இறக்கினார். காயலான் கடைக்குப் போன கூண்டைக் கழற்றியது தேசப்பனேதான். போல்ட் போல்ட்டாகக் கழற்றினான், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் லிஃப்ட் கம்பெனி. பெருங்களத்தூரில் முளைத்த அடுக்குமாடிகளில் பாதிக்கு அவன்தான் சர்வீஸ். "ஏறுறவனுக்கு உள்ள இருக்கறதே தெரியக் கூடாது மச்சான், அதுதான் நல்ல லிஃப்ட்" என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேலையூரில் ஒரு அறை. நான் போனால் டீ போடுவான், கிரிக்கெட் பேசுவான். அண்ணனைப் பற்றிக் கேட்டால் எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விடுவான்.

அவன் செல்போனில் 'அண்ணன்' என்று ஒரு எண் இருந்தது. அவன் செத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான்தான் கூப்பிட்டேன். கன்னியப்பன் வேனில் வந்தார். தம்பியின் முகத்தைத் தடவினார். "வூட்டுக்கு எட்த்துகினு போறோம்" என்றார்.

மறுநாள் காலை குப்பத்தில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. எல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தன. கடல் சரியில்லையா என்று கேட்டேன். "நம்ம ஊரு ஆளு செத்துருக்காரு, எப்டி சார் தொழிலுக்குப் போவோம்?" என்று வலை மேல் உட்கார்ந்திருந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இத்தனை வருஷம் தன்னை ஊர் தள்ளிவைத்துவிட்டதாக நினைத்துச் செத்தவனுக்காக ஊரே தொழிலை நிறுத்தியிருந்தது.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின் கன்னியப்பன் என் பக்கத்தில் மணலில் வந்து உட்கார்ந்தார்.

"எம்மேல அவனுக்கு ரொம்பக் கோவமா சார்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவள நாந்தான் சார் கொன்னேன். எல்லாரும்தான் எறங்கனோம். அத்தினி மீனு துள்ளிகினு கீது, யாரு சும்மா நிப்பா? அவ போதும்யான்னு திரும்பிட்டா. 'அந்தாண்ட பெருசு கீது பாரு'ன்னு நாந்தான் சொன்னேன். போனா. தண்ணி வந்தப்ப கையப் புடிச்சேன், நிக்கல. காரியத்தன்னிக்கு தம்பி மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல. அண்ணிய அம்மா மாரி பாத்தவன், எப்டி வருவான்னு நானும் கூப்புடல."

நான் மெல்ல, அந்தக் கேமையும் படத்தையும் பற்றிக் கேட்டேன்.

"மிஷினு கட்டறான்னு தெரியும். உள்ள இன்னா வரும்னு நான் பாத்ததில்ல. படமா? அப்ப நாங்க எங்க சார் படம் பாக்கற நெலமையில இருந்தோம்? இங்க யாரும் பாக்கல."

தேசப்பனின் அறைக்கும் அந்த மணலுக்கும் இடையில் ஒரு பஸ் தூரம்தான். அடக்கமாட்டாத ஆத்திரம் வந்தது எனக்கு, இருவர் மேலும். ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அண்ணி ஆடியதை, அவன் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டதை, அவன் வராததன் காரணத்தை. "உங்களை அவன் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லண்ணா. தன்னைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். பல வருஷமாக உள்ளே கிடந்த மூச்சு. தோள் இரண்டும் தளர்ந்து, மணலில் கையூன்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

தேசப்பனிடமிருந்து எனக்கு ஒரு சாமானும் மிஞ்சவில்லை. அவன் அண்ணன் விட்ட அந்த மூச்சு மட்டும் என்னிடம் இருக்கிறது. அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டியது. என் காதில் விழுந்தது.