வெளுத்த பவளம்

அவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின் ஓட்டுபவர். விரிப்பெல்லாம் பளிச்சென்று வெளுத்தால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

பவளம் வளர்க்கும் ஆசை அவருக்கு எங்கிருந்து தொற்றியதோ! வீட்டு மேசையில் சின்னக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புநீர் கலந்து, விரல்நுனி அளவில் உயிருள்ள பழுப்புப் பவளத் துண்டுகளை உள்ளே ஒட்டி, மேலே நீல விளக்கு மாட்டினார். "வெளிச்சத்தை முதல்ல கம்மியா வைங்க, மெதுவா கூட்டுங்க" என்று பவளம் விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆசை யாரை விட்டது? முதல் நாளே முழுசாகத் திருகிவிட்டார்.

சில நாட்களில் துண்டுகள் வெளுத்தன.

"ஏம்மா, இங்க வந்து பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர்.

அதே பெருமையோடு போன் போட்டபோது கடைக்காரர் உடைத்துச் சொன்னார்: "அண்ணே, அது சாகப்போற வெளுப்பு. உடனே வெளிச்சத்தைக் குறைங்க. பழைய பழுப்பு நிறம் திரும்பினாத்தான் பிழைக்கும்."

குறைத்தார். அதன்பின் வீட்டில் அவர் பேச்சும் குறைந்துபோனது. மனைவி, வெயில் உள்ளே வராதபடி, தொட்டிப் பக்கத்து ஜன்னலுக்குத் தன் பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிட்டாள்.

ஒரு மதியம், மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவள் போன் வந்தது.

"என்னங்க, ஒரு துண்டோட ஓரத்துல பழுப்பா கறை புடிச்சிருக்கு. தேய்ச்சு விட்டுடவா?"

"ஐயோ, தொட்டுடாதே!" என்று கத்தினார். "அது கறை இல்லம்மா. உயிரு."

காலமெல்லாம் கறையோடு மல்லுக்கட்டிய மனிதர், அது நன்றாகப் பரவ வேண்டுமே என்று வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே நின்று வேண்டிக்கொண்டார்.